குவாரிக் குத்தகைக்கான ஆலோசனைச் சேவை: பட்டாதாரர் பக்கத்திலிருந்து ஒரு மதிப்புரை

கரூர் மாவட்டம் க.பரமத்திச் சுற்றுவட்டாரத்தில் கருங்கல் குவாரிகளும் ஜல்லி கிரஷர்களும் பெருகியதோடு சேர்ந்து, குவாரிக் குத்தகைக்கான கோப்பைத் தயார் செய்து கொடுக்கும் ஆலோசனை அலுவலகங்களும் பெருகியிருக்கின்றன. புவியியல் படித்த ஒருவர், வருவாய்த் துறையிலிருந்து ஓய்வு பெற்ற ஒருவர், ஒரு சர்வேயர், கணினியில் விண்ணப்பம் ஏற்றும் இளைஞர்கள் என்ற அளவில்தான் இவற்றில் பலவும் இயங்குகின்றன. அப்படிப்பட்ட ஓர் அலுவலகத்தை எங்கள் குடும்பத்துக் கரட்டு நிலத்துக்காக அமர்த்திக்கொண்டோம். நிலத்தைப் பார்ப்பதில் தொடங்கி, குத்தகைப் பத்திரம் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவாகும் வரை எல்லாக் கட்டங்களிலும் அவர்களுடைய வேலையை அருகிலிருந்து பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. விண்ணப்பம் போடுவதற்கு முன்பு அவர்கள் செய்த வேலைக்காகவே இந்தச் சேவையை உயர்வாக மதிக்கிறேன். அதன் பிறகு செய்தவற்றில் சில நன்றாக இருந்தன, சில சுமார்தான். குறைகளும் இதில் வருவதால் அலுவலகத்தின் பெயரை எழுதவில்லை. இதே வேலைக்கு வேறோர் அலுவலகத்தை அணுகுபவருக்கும் இங்கே சொல்வது பயன்படும் என்று நம்புகிறேன்.

பட்டா கையில் இருந்தால் அடியில் கிடக்கும் கல்லை வெட்டிக்கொள்ளலாம் என்ற எண்ணம் நம் ஊர்களில் ஆழமாக ஊறியிருக்கிறது. 2013 ஜூலையில் திரேசியம்மா ஜேக்கப் வழக்கில் உச்ச நீதிமன்றம், கேரளத்தின் மலபார் பகுதியில் பரம்பரை முழு உரிமையாக இருந்த ஜன்ம நிலங்களின் உடைமையாளர்களுக்கே அடிமண்ணில் உள்ள கனிமமும் சொந்தம் என்று தீர்ப்பளித்தது உண்மை. ஆனால் கனிமம் யாருடைய சொத்து என்பது ஒரு கேள்வி, அதை வெட்டி எடுக்க அனுமதி உண்டா என்பது முற்றிலும் வேறொரு கேள்வி. 1957ஆம் ஆண்டின் சுரங்கங்கள் மற்றும் கனிமங்கள் சட்டத்தின் 4ஆம் பிரிவு, குத்தகையோ அனுமதியோ இல்லாமல் யாரும் கனிமம் எடுக்கக் கூடாது என்கிறது. அதே சட்டத்தின் 15ஆம் பிரிவு சிறுகனிமங்களுக்கு விதி வகுக்கும் அதிகாரத்தை மாநில அரசுகளுக்குக் கொடுப்பதால், கருங்கல்லைப் பொறுத்தவரை நமக்கு வேதம் 1959ஆம் ஆண்டின் தமிழ்நாடு சிறுகனிமச் சலுகை விதிகள்தான். அரசு நிலம் என்றால் ஏலமும் ஒப்பந்தப்புள்ளியும்; பட்டா நிலம் என்றால் 19ஆம் விதியின்படி மாவட்ட ஆட்சியரிடம் விண்ணப்பம். அனுமதியில்லாமல் வெட்டினால் 21ஆம் பிரிவில் ஐந்தாண்டு வரை சிறையும், ஹெக்டேருக்கு ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. ஒடிசா இரும்புத்தாதுச் சுரங்கங்கள் குறித்த காமன் காஸ் வழக்கில் 2017 ஆகஸ்ட்டில் வந்த தீர்ப்பு, சுற்றுச்சூழல் அனுமதி இல்லாமலோ அதில் சொன்ன அளவை மீறியோ எடுத்த கனிமத்தின் முழு விலையையும் திருப்பிக் கட்ட வேண்டும் என்று நிலைநாட்டிவிட்டது. ஆகவே முதல் வெடி வைப்பதற்கு முன்பே உரிமை முழுமையாக உறுதியாகியிருக்க வேண்டும். அதற்காகத்தான் இத்தகைய அலுவலகங்களுக்குப் பணம் கொடுக்கிறோம்.

முதல் சந்திப்பிலேயே இந்த அலுவலகத்தின் தரம் தெரிந்துவிட்டது. இதற்கு முன் நாங்கள் போய்ப் பார்த்த வேறோர் இடத்தில் பட்டா நகலை வாங்கிப் புரட்டிவிட்டு, "நீங்க கையெழுத்து மட்டும் போடுங்க, மீதிய நாங்க பாத்துக்கறோம்" என்றார்கள். இங்கே பட்டா, சிட்டா, கிராம நிலங்களின் அடிப்படைப் பதிவேடான அ-பதிவேட்டின் பகுதி, புலப்பட வரைபடம், மூலப் பத்திரங்கள், முப்பது ஆண்டுக்கான வில்லங்கச் சான்று ஆகியவற்றைக் கேட்டார்கள். அவை எல்லாம் வந்து சேரும் வரை முன்பணம் வாங்க மறுத்தார்கள். எங்கள் பட்டாவில் அப்பா, பெரியப்பா, சித்தப்பா மூவரின் பெயர்கள் மட்டுமே இருக்கின்றன. தாத்தாவுக்கு மகள்கள் உண்டா என்பதுதான் அந்த ஓய்வு பெற்ற அலுவலர் கேட்ட முதல் கேள்வி. அத்தைகள் இருவர் இருப்பதைச் சொன்னதும், அவர்களின் சம்மதம் இல்லாமல் கோப்பைத் தொடமாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

இதைக் கேட்டுச் சித்தப்பாவுக்குக் கோபம் வந்தது. கல்யாணம் ஆகி வெளியூர் போனவர்களை எதற்கு இழுக்க வேண்டும், பட்டாவில்தான் அவர்கள் பெயரே இல்லையே என்றார். அலுவலர் நிதானமாக விளக்கினார்: நிலம் தாத்தாவின் சுயசம்பாத்தியம் என்றால் 1956ஆம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டப்படி மகள்களுக்கும் சமபங்கு உண்டு, பூர்விகச் சொத்து என்றால் 2005ஆம் ஆண்டுத் திருத்தமும், அதை 2020 ஆகஸ்ட்டில் விளக்கிய வினீதா சர்மா வழக்கின் தீர்ப்பும் மகள்களின் பங்கை உறுதிசெய்துவிட்டன, பட்டா என்பது வருவாய்க் கணக்குக்கான ஆவணமே தவிர, பாகத்தைத் தீர்மானிக்கும் ஆவணம் அல்ல. குத்தகை கிடைத்து இயந்திரங்கள் இறங்கிய பிறகு ஓர் அத்தை நீதிமன்றத்துக்குப் போய்த் தடையாணை வாங்கினால், அதுவரை செலவிட்ட தொகை அனைத்தும் முடங்கிவிடும் என்பதையும் சொன்னார். அத்தைகள் இருவரும் வந்தார்கள், பங்கு என்ன என்பதைப் பேசி எழுதிக்கொண்ட பிறகே சம்மதப் பத்திரத்தில் கையெழுத்திட்டார்கள். தொழில்ரீதியாகச் சரியான ஆலோசனை என்பதோடு, பெண்களின் பங்கை யாரும் கேட்காமலே விழுங்கிவிடும் வழக்கத்துக்கு இந்த அலுவலகம் துணைபோகவில்லை என்பதற்காகவும் அவர்களை மனமாரப் பாராட்டுகிறேன்.

வில்லங்கச் சான்றில் இன்னொரு சிக்கல் வெளிப்பட்டது. பெரியப்பா பல ஆண்டுகளுக்கு முன் கூட்டுறவுச் சங்கத்தில் வாங்கி அடைத்துவிட்ட கடனுக்கான அடமானம், ரசீது ஆவணம் பதியப்படாமல் அப்படியே நின்றுகொண்டிருந்தது. அதை நீக்க வைத்தார்கள். அடுத்து அ-பதிவேட்டில் நிலத்தின் வகைப்பாட்டையும், பழைய செட்டில்மென்ட் பதிவுகள் வரை பின்னோக்கிப் போய் நிலத்தின் மூலத்தையும் பார்த்தார்கள். பஞ்சமி நிலமாகவோ, நிபந்தனையோடு ஒப்படை செய்யப்பட்ட நிலமாகவோ, கோயில் இனாமாகவோ, நில உச்சவரம்பில் மிகை நிலமாகவோ இருந்தால் இன்றைய பட்டாவில் யார் பெயர் இருந்தாலும் உரிமை நிற்காது. ஒடுக்கப்பட்ட மக்களுக்கென ஆங்கிலேயர் ஆட்சியில் 1892 முதல் ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலங்கள் எத்தனை கை மாறியிருக்கின்றன என்பது எல்லாரும் அறிந்ததே. அந்த நிலத்தில் குவாரிக் கோப்பு கொண்டுவருபவர்களைத் திருப்பி அனுப்பிவிடுவதாக அவர்கள் சொன்னார்கள்; எங்கள் நிலத்தின் மூலத்தை அவர்கள் துருவிய விதத்தைப் பார்த்தபோது அதை நம்ப முடிந்தது.

ஆவணங்கள் முடிந்ததும் புவியியலாளர் நிலத்துக்கு வந்தார். கல்லின் தரத்தைப் பார்ப்பார் என்று நாங்கள் நினைத்திருந்தோம். அவர் கரட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஊர்ப் பக்கமாகவே வெகுநேரம் நடந்தார். 36ஆம் விதியின்படி, மக்கள் குடியிருக்கும் இடத்திலிருந்து 300 மீட்டருக்குள் கல்குவாரிக்குக் குத்தகை தரக் கூடாது. வருவாய்ப் பதிவேட்டில் நத்தமாகவோ மனையாகவோ உள்ள இடமும், அங்கீகாரம் பெற்ற மனைப்பிரிவும் இந்தக் கணக்கில் வரும் என்பதால், காலியாகக் கிடக்கும் மனைப்பிரிவில் ஒரு வீடுகூட எழும்பாமல் இருந்தாலும் அது குவாரியைத் தடுக்கும். எங்கள் நிலத்தின் கிழக்கு மூலையிலிருந்து நத்தத்தின் எல்லையை அளந்தபோது 300 மீட்டருக்குச் சற்றுக் குறைவாக வந்தது. கோப்பைத் தள்ளிவிட்டு அதிகாரிகளின் கண்ணில் படாமல் போகட்டும் என்று விட்டுவிடும் ஆட்கள் இந்தத் தொழிலில் இருக்கிறார்கள். இவர் அந்தக் கிழக்குத் துண்டை உட்பிரிவு செய்து விண்ணப்பத்திலிருந்தே விலக்கச் சொன்னார். மேற்கே ஓடும் ஓடைக்கும், மின்கம்பி வரிசைக்கும் 50 மீட்டர் விட வேண்டும் என்று குறித்துக்கொண்டார். தென்மேற்கு மூலையில் அளவுக்கல்லைக் காணவில்லை. வேலியோரத்தில் மண் மேடிட்டுப் புதைந்து கிடந்ததை நாற்புறமும் கடப்பாரையால் குத்திப் பார்த்துக் கண்டெடுத்த பிறகுதான் செயற்கைக்கோள் உதவியால் இடத்தைத் துல்லியமாக அளக்கும் டி.ஜி.பி.எஸ். கருவியை அங்கே நிறுத்தினார். எல்லைக்கல் இல்லாத மூலையில் எடுத்த அட்சரேகை, தீர்க்கரேகை வெறும் எண்கள்தான் என்று அவர் சொன்னதை நான் மறக்கவில்லை. பிற்பாடு பக்கத்து நிலத்துக்காரர் எல்லை பற்றிக் கேள்வி எழுப்பியபோது அந்தக் கல்தான் எங்களுக்குச் சாட்சி சொன்னது.

மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமத்தின் பட்டியலில் உள்ள கிராமமா, சரணாலயமோ தேசியப் பூங்காவோ அருகில் உண்டா என்பதையும் வரைபடத்தில் பார்த்துச் சொன்னார்கள். 2021 நவம்பரில் காப்புக்காடுகளையும் சேர்த்து ஒரு கிலோமீட்டர் தடை வந்ததும், 2022 டிசம்பரில் காப்புக்காடுகளை மட்டும் அதிலிருந்து அரசு விலக்கியதும் இத்தொழிலில் இருப்பவர்களுக்கு நினைவிருக்கும். எங்கள் நிலத்துக்கு இவை எதுவும் பொருந்தவில்லை. காட்டை ஒட்டிய நிலம் வைத்திருப்பவர்கள், விதி இன்று எப்படி இருக்கிறது என்பதை ஆலோசகரிடம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.

விண்ணப்பம் இணையவழியில் ஏறிய பிறகு நடந்தவற்றை விரிவாகச் சொல்ல வேண்டியதில்லை. கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர், கோட்டாட்சியர் என்று வருவாய்த் துறை வரிசையும், கனிமவளத் துறையின் உதவி இயக்குநர் தளத்துக்கு வந்து பார்க்கும் ஆய்வும் தனித்தனியே நடக்கின்றன. எந்த மேசையில் கோப்பு நிற்கிறது என்பதை அலுவலகம் வாரந்தோறும் வாட்ஸ்அப்பில் தெரிவித்தது. கேட்ட விளக்கங்களுக்கு அன்றைக்கே பதில் எழுதிக் கொடுத்தார்கள். 300 மீட்டர் விவகாரம் முன்னதாகவே தீர்ந்திருந்ததால் கேள்விகளும் குறைவாகவே வந்தன. ஆய்வு அறிக்கைகள் சாதகமாக வந்ததும், இன்ன புல எண்ணில் இன்ன பரப்புக்குக் குத்தகை தரக் கருதப்பட்டுள்ளது, சுரங்கத் திட்டமும் சுற்றுச்சூழல் அனுமதியும் பெற்று வரவும் என்று ஒரு கடிதம் வருகிறது. இதைப் பிரிசைஸ் ஏரியா லெட்டர் என்பார்கள். ஊரில் பலர் இந்தக் கடிதம் வந்தவுடனேயே குத்தகை கிடைத்துவிட்டதாக நினைத்து முன்பணம் வாங்குகிறார்கள், கிரஷர்காரர்களோடு ஒப்பந்தம் போடுகிறார்கள். இக்கடிதம் வெட்டும் உரிமை எதையும் தருவதில்லை. எங்கள் அலுவலகம் இதைக் கடிதத்தின் நகலோடு ஒரு தாளில் எழுதி, குடும்பத்தில் கையெழுத்திட்ட எல்லாருக்கும் கொடுத்தது.

சுரங்கத் திட்டம் 41ஆம் விதியின் கீழ் வருவது. அதைத் தகுதி பெற்ற புவியியலாளர் தயாரிக்க வேண்டும், ஆர்.க்யூ.பி. என்று சுருக்கமாகச் சொல்வார்கள். நிலத்தில் எவ்வளவு கல் இருக்கிறது என்பதற்கும் எவ்வளவு கல்லைச் சட்டப்படி எடுக்க முடியும் என்பதற்கும் இடையிலுள்ள தூரம் இந்த ஆவணத்தில்தான் தெரியும். அதைப் புரியவைக்கப் புவியியலாளர் எங்கள் முன்னால் ஒரு வெள்ளைத் தாளில் கணக்குப் போட்டார். நூறுக்கு நூறு மீட்டர், அதாவது ஒரு ஹெக்டேர் சதுர நிலத்தில் 20 மீட்டர் ஆழம் வரை கல் என்று வைத்துக்கொண்டால், மொத்தம் 2,00,000 கனமீட்டர். பக்கத்துப் பட்டா நிலங்களுக்காக நாற்புறமும் 7.5 மீட்டர் விட வேண்டும். புறம்போக்கோ வண்டிப்பாதையோ இருந்தால் அந்தப் பக்கம் 10 மீட்டர். 7.5 மீட்டர் விட்டாலே மிஞ்சுவது 85-க்கு 85 மீட்டர். செங்குத்தாக ஒரே சுவராக வெட்டக் கூடாது. 5 மீட்டர் உயரம், 5 மீட்டர் அகலம் என்று படிப்படியாகத்தான் இறங்க வேண்டும். எனவே இரண்டாம் படி 75-க்கு 75, மூன்றாம் படி 65-க்கு 65, நான்காம் படி 55-க்கு 55. நான்கையும் கூட்டினால் 1,00,500 கனமீட்டர். மண்ணுக்கு மேலே ஒரு ஹெக்டேர் தெரிந்தாலும் எடுக்கக்கூடியது பாதிதான்.

இந்தக் கணக்கை விண்ணப்பம் போடும் முன்னரே எங்களுக்குக் காட்டியதை இந்தச் சேவையின் மிகச் சிறந்த பகுதியாகக் கருதுகிறேன். எங்கள் நிலமோ சதுரமாக இல்லை. நீண்டு ஒடுங்கிய வடிவம். அகலம் குறைந்த நிலத்தில் படிகள் இருபுறமிருந்தும் நெருக்கிக்கொண்டு வருவதால் எடுக்கக்கூடிய கல் பாதிக்கும் கீழே போய்விடும். கிரஷர்காரர் ஒருவர் மொத்தக் கல்லையும் கணக்கிட்டு ஒரு தொகை சொல்லியிருந்தார். அந்தத் தொகையில் மயங்கியிருந்த எங்களைத் தரைக்கு இறக்கியது இந்தத் தாள்தான். வடக்கே ஒட்டியிருந்த பங்காளியின் நிலத்தையும் சேர்த்துக் கூட்டாக விண்ணப்பித்தால் நடுவில் விட வேண்டிய 7.5 மீட்டர் இரு பக்கமும் மிச்சமாகும் என்று யோசனை சொன்னதும் அவர்கள்தான். அவ்வாறே செய்தோம்.

இனி குறைக்கு வருகிறேன். 2012 பிப்ரவரியில் தீபக் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகு, ஐந்து ஹெக்டேருக்குக் குறைந்த சிறுகனிமக் குத்தகைக்கும் சுற்றுச்சூழல் அனுமதி கட்டாயம். மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தின் வழியே மாநிலச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு ஆணையத்துக்குக் கோப்பு போகும். சியா என்று வாயில் வழங்குவது இந்த ஆணையத்தைத்தான். ஒரு குவாரியைத் தனியாக மட்டும் பார்க்க மாட்டார்கள். 500 மீட்டர் தொலைவுக்குள் உள்ள குவாரிகளின் பரப்பையும் சேர்த்து ஐந்து ஹெக்டேரைத் தொட்டால் அது தொகுப்பு. தொகுப்பு என்றால் ஒரு பருவம் முழுக்கக் காற்று, நீர், ஒலி ஆகியவற்றை அளந்து தாக்க மதிப்பீட்டு அறிக்கை தயாரிக்க வேண்டும், பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்த வேண்டும். செலவும் காலமும் பல மடங்கு ஆகும். எங்கள் கோப்பு இந்த வரம்புக்குள் வராது என்று தொடக்கத்தில் அலுவலகம் சொன்னது. அவர்கள் அப்போது வைத்திருந்த விவரம் பழையது. இடைப்பட்ட காலத்தில் பக்கத்தில் இன்னொரு குவாரிக்கு ஆணை ஆகியிருந்ததால், உதவி இயக்குநர் அலுவலகத்திலிருந்து, சுற்றியுள்ள குவாரிகளைப் பட்டியலிடும் 500 மீட்டர் கடிதம் வந்தபோது கூட்டுப் பரப்பு ஐந்து ஹெக்டேரைத் தாண்டியிருந்தது. நிலத்தின் மூலத்தைத் தோண்டித் துருவியவர்கள், சுற்றிலும் நிலுவையில் இருக்கும் விண்ணப்பங்களை விசாரிக்காமல் விட்டது ஏற்க முடியாத கவனக்குறைவு. இதற்குக் கூடுதல் கட்டணம் கேட்டபோது, தங்கள் பங்கில் ஒரு பகுதியைத் தள்ளுபடி செய்தார்கள் என்பதையும் நேர்மையாகப் பதிவு செய்கிறேன்.

தாக்க மதிப்பீட்டு அறிக்கையை இவர்களால் தயாரிக்க முடியாது. அதற்கு அங்கீகாரம் பெற்ற வேறொரு நிறுவனம் வேண்டும். இவர்கள் கூட்டிவந்த நிறுவனத்தின் வேலை எனக்குத் திருப்தி தரவில்லை. அறிக்கை பருமனாக இருந்தது, அட்டவணைகள் ஏராளம், ஆனால் ஊருக்குக் கொடுக்க வேண்டிய தமிழ்ச் சுருக்கத்தை ஊரார் யாராலும் படித்துப் புரிந்துகொள்ள முடியவில்லை. கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கு முப்பது நாட்களுக்குக் குறையாமல் நாளிதழ்களில் அறிவிப்பு தர வேண்டும், அறிக்கையும் சுருக்கமும் மக்கள் பார்வைக்கு இருக்க வேண்டும் என்று 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை சொல்வதன் நோக்கமே, வெடி அதிர்வையும் புழுதியையும் தாங்கப்போகிறவர்கள் விவரம் தெரிந்து பேச வேண்டும் என்பதுதான். கூட்டத்தில் பக்கத்துத் தோட்டத்து அம்மா ஒருவர் எழுந்து, "எங்க கெணத்துல தண்ணி எத்தன அடியில நிக்குதுன்னு வந்து அளந்தீங்களா?" என்று கேட்டார். அளக்கவில்லை, தொலைவில் இருந்த கிணறுகளின் மாதிரிகள்தான் அறிக்கையில் இருந்தன. நிறுவனத்தின் பிரதிநிதி நிலத்தடி நீர்மட்டம் பற்றிப் பொதுவாக ஏதோ படித்தார். அந்த அம்மாவின் கேள்வி மிக நியாயமானது. வெட்டும் ஆழம் கிணற்று நீர்மட்டத்துக்குக் கீழே போனால் குழியில் ஊறும் தண்ணீரை இறைத்துக் கொட்ட வேண்டிவரும், பக்கத்துக் கிணறு இறங்கும். கரூர் போன்ற வறண்ட சீமையில் ஒரு கிணற்றைப் பறிப்பது ஒரு குடும்பத்தின் வாழ்வைப் பறிப்பதற்குச் சமம்.

கூட்டம் முடிந்ததும் அருகிலுள்ள கிணறுகள் அனைத்தையும் அளக்க வேண்டும் என்று நாங்கள் வற்புறுத்தினோம். எங்கள் ஆலோசனை அலுவலகம் அதை ஏற்றுக்கொண்டு, புவியியலாளரையே அனுப்பி ஒவ்வொரு கிணற்றின் ஆழத்தையும் நீர்மட்டத்தையும் உரிமையாளர் முன்னிலையில் அளந்து, அவர்களின் கையெழுத்தோடு அறிக்கையில் சேர்க்க வைத்தது. வெட்டும் ஆழத்தையும் அதற்கேற்பக் குறைத்தோம். இந்த அளவீடு முதலிலேயே நடந்திருந்தால் கூட்டத்தில் அவ்வளவு கசப்பு வந்திருக்காது. ஊர்மக்களைக் கோப்பில் தாண்ட வேண்டிய ஒரு கட்டமாக மட்டும் பார்க்கும் பழக்கம் இந்தத் தொழில் முழுவதிலும் இருக்கிறது. இவர்களும் அதிலிருந்து முழுதாக விடுபடவில்லை என்பதே என் மனக்குறை.

அனுமதி கிடைத்து ஆட்சியரின் ஆணையும் வந்த பிறகு, குத்தகைப் பத்திர வரைவை அலுவலகத்தில் உள்ள ஓர் இளைஞர் தட்டச்சு செய்து அனுப்பினார். சொத்து விவரத்தில் பழைய உட்பிரிவு எண் அப்படியே இருந்தது. நாங்கள் விலக்கிய கிழக்குத் துண்டும் அந்த எண்ணுக்குள் வந்துவிடும். ஆணை, சுரங்கத் திட்டம், சுற்றுச்சூழல் அனுமதி, பத்திரம் ஆகிய நான்கிலும் புல எண்ணும் ஹெக்டேர், ஏர் கணக்கும் நான்கெல்லையும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். பெரியப்பா மகள் வரைவைப் படித்துக் கண்டுபிடித்ததால் பதிவுக்கு முன்பே திருத்திவிட்டோம். கடைசிக் கட்டத்தில் மூத்தவர்கள் யாரும் பார்க்காமல் வரைவு வெளியே வருவதை இந்த அலுவலகம் நிறுத்திக்கொள்ள வேண்டும்.

பத்திரம் பதிவானதோடு இவர்களின் பொறுப்பு முடிகிறது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவு, சுரங்கப் பாதுகாப்பு இயக்ககத்துக்கு வேலை தொடங்குவதற்கு ஒரு மாதம் முன்பே கொடுக்க வேண்டிய அறிவிப்பு, வெடிபொருள் உரிமம், கல்லை வண்டியில் கொண்டுசெல்வதற்கான நடைச்சீட்டு ஆகியவற்றை வேண்டுமானால் தனிக் கட்டணத்தில் செய்து தருகிறார்கள். நாங்கள் வாரிய இசைவை மட்டும் அவர்களிடம் கொடுத்தோம். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. 2025 ஏப்ரல் 4 முதல் நடைமுறைக்கு வந்த கனிமவள நில வரியை வரவுசெலவுக் கணக்கில் சேர்த்துக்கொள்ளும்படி அவர்களாகவே நினைவூட்டினார்கள். வெட்டும் கல்லுக்காக அரசுக்குக் கட்டும் சீனியரேஜ் தொகையை மட்டும் கணக்கிட்டுக் கிரஷரோடு விலை பேசியிருந்தால் இந்த வரியை யார் கட்டுவது என்ற தகராறு வந்திருக்கும்.

கட்டணத்தை நான்கு தவணையாக வாங்குகிறார்கள்: நில ஆய்வுக்கு ஒன்று, விண்ணப்பத்துக்கு ஒன்று, சுரங்கத் திட்டம் ஒப்புதலானதும் ஒன்று, பத்திரம் பதிவானதும் ஒன்று. நில ஆய்வில் நிலம் தேறவில்லை என்று தெரிந்தால் அந்த முதல் தவணையோடு கணக்கை முடித்துக்கொள்ளலாம். இந்த ஏற்பாடு மிகவும் நியாயமானது. எல்லாவற்றுக்கும் சேர்த்து மொத்தத் தொகை பேசும் அலுவலகங்களுக்கு, தேறாத நிலத்தையும் தேறும் என்று சொல்லும் ஆசை இயல்பாகவே வந்துவிடுகிறது. அரசுக்குக் கட்டும் தொகைகள் அனைத்துக்கும் செலுத்துச்சீட்டு கொடுத்தார்கள். ரசீதில்லாத செலவு என்று எதையும் எங்களிடம் கேட்கவில்லை.

கூட்டுப்பட்டா, வாரிசுச் சிக்கல், பழைய அடமானம், நத்தத்துக்கு அருகே நிலம் என்று உரிமையில் ஏதேனும் முடிச்சு உள்ளவர்கள் தயங்காமல் இத்தகைய அலுவலகத்தைத் தேடிப் போகலாம். சுற்றிலும் குவாரிகள் நிறைந்த இடத்தில் நிலம் உள்ளவர்கள், 500 மீட்டருக்குள் நடப்பிலும் நிலுவையிலும் உள்ள எல்லாவற்றையும் உதவி இயக்குநர் அலுவலகத்தில் தாங்களே கேட்டு எழுத்தில் வாங்கிக்கொண்டு, தாக்க மதிப்பீட்டு நிறுவனத்தைத் தாங்களே தேர்ந்தெடுப்பது நல்லது. முதல் சந்திப்புக்குப் போகும்போது மூலப் பத்திரத்தோடு வாரிசுச் சான்றையும் எடுத்துச் செல்லுங்கள். வீட்டுப் பெண்களில் ஒருவரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள்.